காஷே (2005 திரைப்படம்): பார்வையாளர் எதிர்வினைகள்

காஷே, மைக்கேல் ஹனேக்கே இயக்கி 2005 ஆம் ஆண்டில் வெளிவந்த பிரெஞ்சு மொழி உளவியல் பரபரப்புத் திரைப்படம் ஆகும். தொலைக்காட்சியில் நூல் விவாத நிகழ்ச்சி நடத்தும் ஜார்ஜின் வீட்டைக் கண்காணித்து எடுத்த ஒளிநாடாக்கள் அவர் வாசலுக்கே வந்து சேர்கின்றன. கான் திரைப்பட விழாவில் சிறந்த இயக்குநர் விருது பெற்ற இப்படம், பார்வையாளரை இரண்டாகப் பிரித்தது.

நாடாக்களை அனுப்பியவர் யார் என்று படம் கடைசிவரை சொல்வதில்லை. இதை ஏமாற்று எனக் கருதியோர் உண்டு. பள்ளிப் படிக்கட்டைக் காட்டும் இறுதிக் காட்சியில் ஜார்ஜின் மகனும் மஜீதின் மகனும் பேசிக்கொள்வதைக் கூட்டத்தினிடையே பலர் கவனிக்கவே இல்லை. கவனித்தோரில் சிலர் அதையே விடையாகக் கொண்டனர். ஆனால் அந்தப் பேச்சு நமக்குக் கேட்பதில்லை.

இவ்வாறு துப்புத் தேடுவோர் எளிதில் கடந்துபோவது மஜீதின் கதையை. 1961 அக்டோபர் 17 அன்று பாரிசில் அல்சீரியரின் ஊர்வலத்தைக் காவல்துறை ஒடுக்கிய பின் அவனது பெற்றோர் திரும்பவில்லை. ஜார்ஜின் பெற்றோர் அவனைத் தத்தெடுக்க எண்ணினர். ஆறு வயது ஜார்ஜ் சொன்ன பொய்யால் அவன் வீட்டைவிட்டு அனுப்பப்பட்டான். இதில் படம் எந்த ஐயத்தையும் விட்டுவைக்கவில்லை. அனுப்பியவர் யார் என்று மட்டுமே கேட்கும் பார்வையாளர், ஜார்ஜைப் போலவே, முக்கியமான கேள்வியிலிருந்து நழுவிவிடுகிறார்.