தேய்த்தெழுதிய செப்புக்காசு

நாணயவியலார் ஒரு காசினை ஆராயுங்கால் அக்கசாலையில் பொறித்த வடிவினையே மூலமாகக் கொள்வர். பின்னர்ப் பிறர் கை பட்ட காசு அவர்க்குச் சிதைந்த காசாகும். மூலபாடம் தேடுவோர் இடைச்செருகலை விலக்குதல் போல்வது இது. ஆயின், பின்வந்த எழுத்தே நூலாக, முன்னைய பொறிப்பு அதனைத் தாங்கும் ஏடாக நின்றுவிடும் இடமும் உண்டு. பிரிட்டனிலிருந்து ஆஸ்திரேலியாவுக்கு நாடு கடத்தப்பெற்ற கைதியர் விட்டுச் சென்ற நினைவுக்காசுகள் அத்தகையன.

1788 முதல் 1868 வரை 1,60,000க்கு மேற்பட்டோர் இவ்வாறு நாடு கடத்தப்பெற்றனர். கப்பலேறுமுன் சிறையில் காத்திருந்தோருள் சிலர், செப்புப் பென்னியைத் தேய்த்து வழவழப்பாக்கி, அதன்மேல் கோடாகக் கீறியோ புள்ளிகளாகக் குத்தியோ எழுதி உற்றார்க்கு அளித்தனர். மேத்யூ போல்ட்டனின் அக்கசாலை 1797இல் அடித்த, ஓர் அவுன்சு எடையுள்ள அகன்ற பென்னி இதற்குப் பெரிதும் பயன்பட்டது. கான்பராவிலுள்ள ஆஸ்திரேலியத் தேசிய அருங்காட்சியகத்தில் இக்காசுகள் 300க்கு மேல் உள்ளன.

இவற்றை இலக்கியமாகக் கொள்ளலாமோ எனின், இரண்டு தடைகள் எழும். ஒன்று, கைதியே எழுதினான் என்பதற்கு உறுதியின்மை. செதுக்கத் தெரிந்த உடன்கைதி எழுதித் தருதலும் உண்டு. புலவன் தலைவன் கூற்றாகப் பாடும் மரபினை அறிந்த நமக்கு இது தடையாகாது. மற்றொன்று, காண்போர் தம்மை மறவாதிருக்க வேண்டும் என்னும் ஒரே வேண்டுகோள், காசுகள் பலவற்றில் ஒரே வாய்பாட்டில் வருதல். இதுவே வலிய தடை. மாலுமியரும் காதலரும் இவ்வாறே காசு தேய்த்து எழுதினராதலின், வாய்பாட்டைக் கொண்டு கைதியின் காசினைப் பிரித்தறிதல் இயலாது.

ஆயின், வாய்பாடு முடியுமிடத்திலேயே நயமும் சான்றும் தொடங்குகின்றன. பெயர், அகவை, நாள், ஏழாண்டு அல்லது பதினான்காண்டு அல்லது வாழ்நாள் முழுதும் என்னும் தண்டனை அளவு ஆகியவை ஆண்டு இடம்பெறுகின்றன. அகத்திணையில் ஒருவர் பெயர் சுட்டலாகாது என்பது தொல்காப்பியர் நெறி. பிரிவினையே பொருளாகக் கொண்ட இக்காசோ பெயராலேயே உயிர் பெறுகின்றது. நினைக்குமாறு செய்யுள் வேண்டுகின்றது. எத்துணைக் காலம் நினைக்க வேண்டுமென எண் அறிவிக்கின்றது. அவ்வெண்ணிலேயே அவலம் உளது. பெயரும் நாளும் நீதிமன்றப் பதிவோடு ஒத்துவரின், காசு இன்னாருடையது என்பதும் துணியப்படும்.

அரசு செய்த மாற்றத்தோடு இதனை ஒப்பிடுதல் தகும். 1813இல் நியூ சவுத் வேல்ஸ் ஆளுநர் மக்குவாரியின் ஆட்சியில், நாணயத் தட்டுப்பாடு நீங்க 40,000 ஸ்பானிய டாலர்களின் நடுவைத் துளைத்து, வளையம் 5 ஷில்லிங் எனவும் நடுத்துண்டு 15 பென்சு எனவும் பொறிக்க முற்பட்டனர். அப்பணியை மேற்கொண்ட வில்லியம் ஹென்ஷால், கள்ளநாணயக் குற்றத்திற்காக அங்கு அனுப்பப்பெற்றவரே. அவர் பொறிப்பு காசிற்குப் புதுவிலை தந்தது. சிறையில் காத்திருந்தோர் பொறிப்பு இருந்த விலையையும் அழித்தது. வறியோர்க்கு ஒரு பென்னியை இழத்தல் எளிதன்று. அவ்விழப்பும் அக்காசு உணர்த்தும் பொருளேயாம்.

ஆதலின், தேய்த்தெழுதிய காசு அனைத்தையும் கைதியர் காசெனச் சேகரிப்போர் கூறுதல் தகாது; அது நாமே செய்யும் இடைச்செருகலாகும். சான்றில்லாதவற்றை ஆசிரியர் பெயர் தெரியாப் பாடல்போல அவ்வாறே காத்தல் வேண்டும். சான்றுள்ளவற்றைப் பதிவுகளோடு ஒப்புநோக்கிப் பதிப்பித்தல், பாடம் துணியும் பயிற்சியுடைய இலக்கிய மாணவர்க்கும் உரிய பணியாகும்.