வரைபும் வாசகரும்: அம்பாறைக் கரையோரத்தை முன்வைத்துச் சில குறிப்புகள்

புள்ளிவிபர வரைபுகளைத் திறனாய்வுக்குரிய பொருளாகக் கொள்வது சிலருக்கு வியப்பளிக்கக்கூடும். ஆயின், யார், யாருக்காக, எதனை, எவ்வாறு கூறுகிறார் என்னும் வினாக்களைக் கவிதையிடத்தும் நாவலிடத்தும் எழுப்பும் நாம், சலாகை வரைபிடத்தும் நிறமூட்டிய தேசப்படத்திடத்தும் அவற்றை எழுப்பாது விடுவதற்கு நியாயமில்லை. எண் புறநிலையானது என்ற நம்பிக்கை, அவ்வெண்ணைத் தாங்கிவரும் உருவத்தையும் கேள்விக்கு அப்பாற்பட்டதாக்கிவிடுகிறது. ஆலையடிவேம்பையும் அதனைச் சூழ்ந்த அக்கரைப்பற்று, திருக்கோவில், கல்முனைப் பகுதிகளையும் பற்றிய வரைபுகளை ஒருசேர நோக்கியபோதே இவ்வெண்ணம் எமக்கு வலுப்பட்டது.

நிறமூட்டிய தேசப்படத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி அம்பாறை மாவட்ட மக்களுள் ஏறத்தாழ 43 வீதத்தினர், மதிப்பீட்டு ஏடுகள் ‘இலங்கைச் சோனகர்’ எனக் குறிக்கும் முஸ்லிம்கள். ஏறத்தாழ 39 வீதத்தினர் சிங்களவர். 17 வீதத்தினர் தமிழர். அதாவது, பத்துப் பேரில் அறுவர் தமிழ் பேசுவோர். இனி, ஒவ்வொரு பிரதேச செயலாளர் பிரிவுக்கும் அங்குப் பெரும்பான்மையாயுள்ள இனத்தின் நிறத்தைத் தீட்டினால் கிடைப்பது யாது? உகணை, தமணை, மகாஓயா, பதியத்தலாவை, லாகுகலை ஆகிய பரந்த உட்பகுதிகள் ஒரே நிறமாய் விரிய, கரையோரம் கடலோடு ஒட்டிய மெல்லிய கீற்றாய் ஒடுங்கிவிடும். லாகுகலை பல நூறு சதுர கிலோமீற்றர் பரப்பில் 10,000க்குக் குறைந்த மக்களைக் கொண்டது. சாய்ந்தமருதோ, 10 சதுர கிலோமீற்றருக்கும் குறைந்த நிலத்தில் ஏறத்தாழ 25,000 பேரைத் தாங்குகிறது. அத்தேசப்படத்திலே நிறம் பெறுவது நிலமேயன்றி மக்களல்லர். காட்டுக்கும் குளத்துக்குங்கூட இனம் வாய்த்துவிடுகிறது! ஆயிரம் பேருக்கு ஒரு புள்ளி என இட்டிருந்தால் அதே தரவு முற்றிலும் வேறான தோற்றத்தைத் தந்திருக்கும். தமிழர் பெரும்பான்மையினராய் வாழும் ஆலையடிவேம்பும் அதனை ஒட்டிய முஸ்லிம் ஊராகிய அக்கரைப்பற்றும் ஒன்றோடொன்று நெருங்கிய புள்ளித்திரள்களாய்த் தெரிந்திருக்கும். காட்டுநிலத்தை அளக்கும் உத்தியோகத்தருக்கு முதற்படம் பயன்படலாம்; மக்களைப் பற்றி அறிய விரும்புபவருக்கு அது பிழையான துணை.

வட்ட வரைபின் குறை இதனினும் நுண்ணியது. 1801இல் வில்லியம் பிளேபெயர் அறிமுகஞ்செய்த இவ்வடிவம், முழுமை எது என்பது முன்னரே முடிவாகிவிட்டதெனக் கொண்டு அதனைக் கூறுபோடுகிறது. அம்பாறையைப் பொறுத்தவரை அம்முழுமையே ஓர் அரசியல் ஆக்கம். 1949இல் கல்லோயா அபிவிருத்திச் சபை நிறுவப்பட்டு இங்கினியாகலையில் அணை எழுந்தது, குடியேற்றங்கள் தொடர்ந்தன, 1961இல் மட்டக்களப்பின் தென்பகுதி பிரிக்கப்பட்டு அம்பாறை தனிமாவட்டமாயிற்று. பரிதியை வரைந்தவர் யார் என்பதை ஆரைகள் கூறுவதில்லை. இவ்வட்டம் அரச ஏடுகளுக்கு மட்டும் உரியதன்று என்பதையும் நேர்மையாக ஒப்புக்கொள்ளவேண்டும். தமிழ்த் தேசியவாதிகளும் முஸ்லிம் அரசியலாளரும் அதனையே எடுத்தாளுகின்றனர். கல்முனை வடக்குப் பிரதேச செயலகம் குறித்து நீண்டகாலமாக நிகழும் தகராற்றில் எல்லாத் தரப்பும் இனவாரிக் கணக்கை முன்வைத்தே வாதிடுகின்றன.

கூறுபோடும் அடிப்படையே இங்கு முக்கியமானது. லெனின் 1899இல் வெளியிட்ட ‘ரசியாவில் முதலாளித்துவத்தின் வளர்ச்சி’ என்னும் நூல் இவ்வகையில் நமக்கு முன்னுதாரணமாகும். நரோத்னிக்குகள் கையாண்ட அதே செம்ஸ்துவோப் புள்ளிவிபரங்களையே அவரும் கையாண்டார். அவர்கள் சராசரி கண்டு சமத்துவமான கிராமத்தைக் காட்டினர்; அவரோ விதைப்புப் பரப்பையும் குதிரைகளின் தொகையையும் கொண்டு குடும்பங்களை வகைப்படுத்தி, அக்கிராமம் வர்க்கங்களாகப் பிளவுபடுவதைப் புலப்படுத்தினார். தரவு ஒன்றே, தொகுப்பு வேறு. நம் கரையோரத்திலும் போடியார் ஒரு சலாகை, அவர் வயலைப் பார்க்கும் முல்லைக்காரர் ஒரு சலாகை, கூலிக்கு அறுவடை செய்வோர் ஒரு சலாகை என ஒரு வரைபு வரையப்படுமாயின், தமிழ் ஊருக்கும் முஸ்லிம் ஊருக்கும் இடையே காணப்படும் ஒற்றுமை கண்ணுக்குப் புலனாகும். எமது பார்வைக்குக் கிட்டியவற்றுள் அத்தகைய வரைபு ஒன்றேனும் இல்லை.

பொதுமக்களுக்கான வரைபு பற்றிச் சிந்தித்தோருள் ஒட்டோ நொய்றாத் குறிப்பிடத்தக்கவர். சமதர்மவாதிகள் ஆண்ட வியன்னாவில் 1925இல் சமூக பொருளாதார அருங்காட்சியகத்தை நிறுவியவர் அவர். மிகுதியைக் காட்டக் குறியைப் பெரிதாக்கலாகாது, குறிகளின் தொகையையே கூட்டவேண்டும் என்பது அவரது விதி. எழுத்தறிவு குறைந்த தொழிலாளியும் எண்ணிப்பார்த்துச் சரிபிழை காணலாம் என்பதே அதன் சிறப்பு. ஆயினும் மனிதக் குழுக்களை நிறத்தாலும் தலையணியாலும் வேறுபடுத்தும் குறிகளையும் அதே குழுவினரே ஆக்கினர். தொப்பி ஒருவரையும் வேட்டி மற்றொருவரையும் குறிக்கும் நம் நாட்டுச் சித்திரங்களைக் காணும்போதெல்லாம் இம்முரண்பாடு நினைவுக்கு வருகிறது.

மருதமுனைக் கைத்தறி இன்னொரு வகை வாசகரை நினைவூட்டுகிறது. நெசவுக் கோலத்தைக் கட்டத்தாளில் வரையும்போது ஒவ்வொரு கட்டமும் பாவும் ஊடையும் சந்திக்கும் ஓரிடம். அவ்வரைபில் பிழை நேர்ந்தால் துணியிலே தெரிந்துவிடும். வாசகனும் உற்பத்தியாளனும் அங்கு ஒருவனே. நீர்ப்பாசன வரைபுகளுக்கு இப்பண்பு வாய்ப்பதில்லை. கல்லோயாவின் நீர் மேற்பகுதிக் குடியேற்றங்களைக் கடந்தே கரையோர வயல்களை அடைகிறது. பருவத்துக்குத் திறந்துவிடப்பட்ட மொத்த நீரை ஒரு சலாகையாகக் காட்டுவது திணைக்களத்துக்குப் போதுமானதாகலாம். கடைப்பகுதி விவசாயி அறிய வேண்டியதோ வேறு: எந்தக் கிழமை, எந்த வாய்க்காலில், எத்தனை நாள்? அவற்றை நிரல்படுத்தி வட்டை விதானையின் கையில் ஒரு தாளாகக் கொடுத்தால், பயிர்ச்செய்கை ஆரம்பக் கூட்டத்திலே அவ்விவசாயி எழுந்து கேள்வி கேட்கலாம். மொத்தச் சலாகையை வைத்துக்கொண்டு அவர் எதைக் கேட்பது?

2004 டிசெம்பர் 26இல் ஆழிப்பேரலை இம்மாவட்டத்தில் 10,000க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது. இலங்கையில் இழப்பு மிகுந்த மாவட்டம் இதுவே. அதன்பின் கரையிலிருந்து தெற்கே 100 மீற்றரும் வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றரும் மீள்கட்டுமானத்துக்கு விலக்கப்பட்ட வலயமாக அறிவிக்கப்பட்டன; அவ்விதி பின்னரே தளர்த்தப்பட்டது. ஐந்து இலட்சத்தில் ஒன்று என்னும் அளவுத்திட்டத்திலமைந்த தேசப்படத்தில் 200 மீற்றர் என்பது அரை மில்லிமீற்றருக்கும் குறைவு, அதாவது ஒரு பேனாக் கோட்டின் தடிப்பு. சாய்ந்தமருதிலும் மருதமுனையிலும் அக்கோட்டின் தடிப்புக்குள் வீடுகள் வரிசை வரிசையாய் இருந்தன. பின்னால் நகர இடமுமில்லை. குடியிருப்பை அடுத்து வயல், வயலுக்கப்பால் பிறர் நிலம். பிரதான வீதியோரத்து வர்த்தகரின் மாடிவீடு அக்கோட்டுக்கு வெளியே நின்றது. கோட்டுக்குள் அகப்பட்டோருட் பெரும்பாலோர் தோணியையும் வலையையும் விட்டுத் தொலைவிற் குடியிருக்க இயலாத மீனவரும், கடலோரக் காணித்துண்டைத் தவிர வேறொன்றும் இல்லாத ஏழைகளுமே.