பிளக் வயர் கட்டும் கை

மேல்மூடி கழற்றிய வள்ளத்து எஞ்சின் பார்க்கக் கிடைத்தால் என் கண் முதலில் போவது பிளக் வயருக்கு. குளச்சல், முட்டம் பக்கத்து ஒர்க்‌ஷாப்களில் நின்று பார்த்துப் பழகிய ரசனை இது. பிஸ்டன் ரிங் மாற்றுவதற்கும் கார்புரேட்டர் துடைப்பதற்கும் அளவு உண்டு, வரிசை உண்டு. யார் செய்தாலும் ஏறக்குறைய ஒன்றுபோலத்தான் இருக்கும். காயிலிலிருந்து பிளக் வரை போகிற அந்த ஒரு சாண் வயரை எப்படி வளைப்பது, எங்கே பிடித்துக் கட்டுவது, எங்கே சும்மா விடுவது என்பதில் மட்டும் ஒவ்வொரு மெக்கானிக்கின் கையும் தனியாகத் தெரியும். பழைய எஞ்சினில் வேறொன்றின் காயிலைப் பொருத்த நேர்ந்தால் கையேட்டுப் படமும் உதவாது. அங்கேதான் பார்க்க வேண்டும்.

ஆரோக்கியபுரம் தொடங்கி நீரோடி வரை ஏறக்குறைய 70 கிலோமீட்டர் நீளும் குமரிக் கடற்கரையில் இந்த எஞ்சின்கள் பரவியது 1980களில். பாயும் துடுப்புமாகப் போன கட்டுமரங்களின் பக்கத்தில், முட்டத்தில் பெல்ஜியத்துக்காரர் பியர் ஜிலே முன்னின்று உருவாக்கிய ஒட்டுப்பலகை வள்ளங்கள் இறங்கின. சிஃப்ஸ் என்று கடற்கரை அறிந்த மீனவர் சங்கக் கூட்டமைப்பு எஞ்சின் தருவிக்கவும் பழுது பார்க்கவும் வழி செய்தது. பெட்ரோலில் கிளப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். மண்ணெண்ணெய் லேசில் ஆவியாகாது. பிளக் முனையில் கரி பிடிக்கும், பொறி பலம் குறையும். அந்த நேரம் பார்த்து வயரிலும் கரண்ட் கசிந்தால் ‘மிஸ்ஸிங் அடிக்கு’ என்று வள்ளத்துக்காரர் மூடியைத் திறந்தே ஆகவேண்டும், அதுவும் அலைமேல்.

வயருக்குள் பாய்வது பத்தாயிரம் வோல்ட்டுக்கு மேல். உப்பு படிந்த ஈரமிருந்தால் போதும், அது வயரின் மேற்தோலைப் பிடித்தே எஞ்சின் உடம்புக்குள் இறங்கிவிடும். தேர்ந்த கை வயரைப் பிளக்குக்குச் சற்றுத் தாழ இறக்கி மறுபடி மேலேற்றும். தெறிக்கிற தண்ணீர் அந்தத் தாழ்விலேயே சொட்டிப்போகும், பிளக்கின் கேப்புக்குள் இறங்காது. கேப்புக்குள் கொஞ்சம் கிரீஸ். பிளைவீல் சுற்றுகிற இடத்தை வயர் எட்டாது. மேல்மூடியின் ஓரம் அதைக் கடிக்காது. இந்த இரண்டையும் மூடி போட்ட பிறகு யாரும் பார்க்கப்போவதில்லை என்பதால், மூடியிருக்கும் நிலையை மனசில் கண்டு வயரை வைக்க வேண்டியிருக்கிறது. கரை திரும்பியதும் எஞ்சினைக் கழற்றித் தோளில் சுமந்து போகிற ஊர்களில், ஒவ்வொரு இறக்கி வைப்பின் அதிர்ச்சியும் அந்தக் கட்டுக்குத்தான் போகும்.

இதே வேலையின் பெரிய வடிவம் விமானத்தில் இருக்கிறது, முக்கியமாகத் தனியாட்கள் வீட்டில் கட்டும் சிறு விமானங்களில். மும்பை காந்திவலியில் அமோல் யாதவ் தன் கட்டடத்து மொட்டைமாடியில் ஆறு இருக்கை விமானம் கட்டியதும், அது 2016இல் மேக் இன் இந்தியா விழாவில் வைக்கப்பட்டதும் பலருக்கு நினைவிருக்கும். இப்படிக் கட்டுபவர்கள் பலரும் விரும்புகிற லைகமிங் போன்ற நான்கு சிலிண்டர் எஞ்சினில், சிலிண்டருக்கு இரண்டு பிளக். ஆக எட்டு வயர். ரைட் சகோதரர்களின் 1903 எஞ்சினுக்கு இந்தத் தொல்லையே கிடையாது. சிலிண்டருக்குள்ளேயே இரண்டு உலோக முனைகளைச் சேர்த்துப் பிரித்துப் பொறி எழுப்பினார்கள். பொறிக்கு மின்சாரம் எழுப்பித் தரும் உயர்மின்னழுத்த மேக்னட்டோவைப் பாஷ் கம்பெனியின் காட்லோப் ஹோனால்ட் 1902இல் செய்து முடித்திருந்தார். உயர்மின்னழுத்தப் பொறி விமானங்களுக்கு வந்தபின்தான் பிளக் வயருக்கும் பாதை தேட வேண்டி வந்தது.

லைகமிங்கின் சிலிண்டர்களில் ஒற்றை எண்கள் வலப்பக்கம், இரட்டை எண்கள் இடப்பக்கம். எரியும் வரிசை 1-3-2-4. அதாவது பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் 1, 3 இரண்டும் அடுத்தடுத்து எரிகின்றன; வயர்களும் ஒரே வழியாகத்தான் வர வேண்டும். உலோகப் பின்னலுறை போட்ட வயரானால் கவலையில்லை. செலவும் எடையும் குறையட்டும் என்று கார் பிளக்கும் உறையில்லாத வயரும் போடுகிறவர், இரண்டையும் ஒட்டி நெடுந்தூரம் ஓடவிட்டால், ஒன்றில் பாயும் மின்சாரம் மற்றொன்றைத் தூண்டிவிடும். முதலாவது எரியும் நேரத்தில் மூன்றாவது சிலிண்டரில் காற்றும் எரிபொருளும் நிரம்பியிருக்கின்றன. அங்கே முந்தி விழும் பொறி பிஸ்டன் ஏறி முடிக்கும் முன்பே பற்றவைக்கும். ஆகவே அவற்றை விலக்கி ஓட்டுகிறார்கள். சந்தித்தே தீரவேண்டிய இடத்தில் குறுக்காகக் கடக்கவிடுகிறார்கள். நன்றாகச் செய்த எஞ்சினில் எட்டு வயரும் தத்தம் இடைவெளியோடு, ஒரே வளைவின் பல அளவுகளாகச் சிலிண்டர்களுக்குப் பிரிந்து போகும். அழகுக்காக யாரும் அப்படி வைக்கவில்லை. ஆனாலும் அது அழகு.

புகைக்குழாய் வேறு இருக்கிறது. உள்ளே 700 டிகிரிக்கு மேல் சூடான புகை. அதைவிட நுணுக்கமானது ஆட்டம்: எஞ்சின் ரப்பர் மெத்தைகளின் மேல் உட்கார்ந்து, கிளம்பும்போதும் நிற்கும்போதும் உதறும். மேக்னட்டோவும் பிளக்கும் எஞ்சினோடு சேர்ந்து ஆடுகின்றன. எஞ்சினைத் தாங்கும் சட்டம் ஆடுவதில்லை. அதனால் பிளக் வயரை எஞ்சினோடு மட்டுமே கட்ட வேண்டும். சட்டத்தோடு கட்டினால் ஒவ்வொரு உதறலும் வயரை இழுக்கும். மற்ற வயர்களுக்காக வெறும் பிளாஸ்டிக் டையைச் சட்டத்தின் குழாயில் இறுக்கினால், அழுக்கு சேர்ந்து அந்த டை எஃகையே அராவித் தின்னும். ரப்பர் பதித்த கிளாம்ப் கொண்டு பிடிப்பதுதான் சரி.

சேர்ந்து ஓடும் சிறு வயர்களை மெழுகு பூசிய நாடாவால் கட்டும் பழக்கமும் உண்டு. நாசாவின் வயரிங் விதிகளிலும் உள்ள முடிச்சு அது: இரண்டு சுற்றில் தன்னைத்தானே கடித்துப் பிடிக்கும் முடிச்சு, மேலே அதைப் பூட்டும் இன்னொன்று. தோவாளையில் வாழைநாரால் பிச்சி கட்டுகிற விரல்களைப் பார்த்தவர்களுக்கு இதன் இறுக்கம் புரியும்: காம்பு நசுங்கக் கூடாது, பூ நழுவவும் கூடாது.

இதில் ரப்பரின் பங்கைச் சொல்லாமல் போனால் ரப்பர் விளையும் குலசேகரத்துக்காரர்கள் கோபிப்பார்கள். முன்பு பிளக் வயரின் மேற்தோல் இயற்கை ரப்பர்தான். உயர்மின்னழுத்தம் சுற்றியுள்ள காற்றைச் சிதைத்து ஓசோன் உண்டாக்கும். அந்த ஓசோன் இயற்கை ரப்பரை வெடிக்க வைக்கும். குறுக வளைத்து இழுபட்ட இடத்தில்தான் வெடிப்பு முதலில் விழும். வயரைத் தாராளமாக வளை என்ற விதி இதற்கும் சேர்த்துத்தான். இன்றைய சிலிக்கோன் தோல் ஓசோனுக்கும் சூட்டுக்கும் அசையாது. ஆனால் சின்னக் கீறல் விழுந்தால் சட்டெனக் கிழியும். அதனால் கட்டுகிற கைக்குப் பொறுப்பு குறையவில்லை. அதிர்வைத் தாங்கும் எஞ்சின் மெத்தைக்கு மட்டும் இன்றும் பால்வெட்டின் ரப்பரை மிஞ்சுவது கடினம்.

வேலை சரியா என்று பார்க்கப் பழைய வழி ஒன்று இருக்கிறது. இருட்டில் எஞ்சினை ஓடவிட்டு, வயர்மேல் லேசாகத் தண்ணீர் தெளிப்பார்கள். கசிவு இருக்கும் இடத்தில் நீலமாக மினுங்கும்.

வள்ளம், விமானம் இரண்டில் எந்தக் கட்டு உயர்ந்தது என்று கேட்டால் நான் தயங்காமல் வள்ளத்து மெக்கானிக் பக்கம் நிற்பேன். விமானத்தில் ஒரு பிளக் வயர் போனால் அதே சிலிண்டரில் இன்னொன்று எரியும். வள்ளத்து எஞ்சினில் இருப்பதே இரண்டு சிலிண்டர், ஆளுக்கொரு வயர். ஒன்று போனால் பாதி எஞ்சின் போயிற்று, ஆனி ஆடிக் கடலில்.