காருகுறிச்சியார் தணிக்கிற இடம்

'சிங்காரவேலனே தேவா'வை மட்டும் வைத்து நாயன வித்வான் காருகுறிச்சி அருணாசலத்தை எடை போடுகிறவர்களோடு எனக்குப் பேச்சு ஓடுவதில்லை. 1962இல் வந்த 'கொஞ்சும் சலங்கை' அவரைப் பட்டிதொட்டியெல்லாம் கொண்டுபோய்ச் சேர்த்தது உண்மைதான். எஸ்.எம். சுப்பையா நாயுடு ஆபேரியை அள்ளிக் கொடுத்தார், எஸ். ஜானகி நாயனத்துக்குச் சளைக்காமல் பாடினார், திரையில் ஜெமினி கணேசன் நாயனத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். எல்லாம் சரி. ஆனால் அது பந்தயப் பாட்டு. குரலும் நாயனமும் ஒன்றையொன்று விரட்டும்போது காது வேகத்தின் பின்னால் ஓடிவிடும். காருகுறிச்சியாரின் பெருமை வேகத்தில் இல்லை. ஒரு கார்வையை அவர் எப்படி முடிக்கிறார் என்பதில் இருக்கிறது.

கரகரப்பிரியா ஆலாபனையைக் கேளுங்கள். மேல் சட்ஜத்தில் போய் நிற்பார். நிற்பது பெரிய காரியமில்லை. தம் இருக்கிற எவரும் நிற்கலாம். முடிக்கப் போகும்போது ஒலியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தணிப்பார். தணியத் தணியச் சுருதி மட்டும் இம்மியும் இறங்காது. நாயனம் பிடித்த யாரையாவது கேட்டுப் பாருங்கள், இது என்ன பாடு என்று சொல்வார்கள். காற்றின் வலுவைக் குறைத்தால் சுரம் சரியத்தான் செய்யும். அதைச் சீவாளியில் உதட்டாலேயே தாங்கிப் பிடிக்க வேண்டும். பெரிய பெரிய வித்வான்களே இந்த இடத்தில் சட்டென்று வெட்டிவிட்டு அடுத்த பிடிக்குத் தாவிவிடுவார்கள். கேட்கிறவனுக்கு அது கம்பீரமாகக்கூடத் தோன்றும். இவர் வெட்ட மாட்டார். கடைசி முனை வரைக்கும் கூடவே போவார்.

"அதெல்லாம் குருநாதர் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை போட்ட பிச்சை" என்பார்கள் தஞ்சாவூர்க் கட்சிக்காரர்கள். திருவாவடுதுறையாரிடம் சிட்சை, அவருக்குப் பக்கத்தில் நின்று வாசித்த அனுபவம், ஆலாபனையை விரித்துக்கொண்டே போகிற வழி, எல்லாம் அங்கிருந்து வந்ததுதான். காருகுறிச்சியாரே மறுத்திருக்க மாட்டார். ஆனால் குருவின் தோடியில் ஒரு ராஜா தன் நிலத்தைச் சுற்றிப் பார்க்கிற மிடுக்கு இருக்கும். சீடரிடம் அந்த மிடுக்கு இல்லை, ஒரு பணிவு உண்டு. தணிக்கிற அந்த இடம் பணிவிலிருந்து பிறந்தது என்பது என் கட்சி. 1956இல் குரு மறைந்தார். எட்டே வருஷத்தில், 1964இல், சீடரும் போய்விட்டார். 1921இல் பிறந்தவர். வளர்ந்து முடியாத பிள்ளைகள் இருந்த வீடு. "இன்னும் இருபது வருஷம் இருந்திருந்தால் தனக்கென்று ஒரு பாணி கண்டிருப்பார்" என்று இரக்கப்படுகிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும். அவர் எப்போதோ கண்டுவிட்டார். நாம்தான் இன்னும் கேட்கவில்லை.

இந்தக் காது எனக்கு அப்பாவிடமிருந்து வந்தது. டி. கல்லுப்பட்டியில் மைக்செட் வைத்திருந்தார். நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்திலேயே, 36 வயதில், நெஞ்சுவலி வந்து போய்ச் சேர்ந்தார். அவர் முகம் எனக்குக் கல்யாணப் போட்டோவில் இருக்கிற முகம்தான். குரல் சுத்தமாக மறந்துவிட்டது. அவரைப் பற்றி உறுதியாக எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: எந்த வீட்டு விசேஷமானாலும் முதல் தட்டு காருகுறிச்சிதான் போடுவார். ஒலி தணிகிற இடம் வந்ததும் எடுபிடிப் பையன்கள் ஆம்ப்ளிபயர் குமிழில் கை வைப்பார்கள். "தணியட்டும்டா, கையெடு" என்பாராம். கூம்புக் குழாயில் அந்த அடங்கின ஒலி எவ்வளவு தூரம் போகும்? தேவன்குறிச்சி மலைப் பக்கமிருந்து ஆள் வந்து, "என்னப்பா, கரண்டு போயிருச்சா?" என்று கேட்ட கதையை ஊர்ப் பெரியவர்கள் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்கள். விசேஷ வீட்டுக்காரர்கள் கோபித்துக்கொண்டு வேறு செட்டுக்குப் போனதும் உண்டாம். அம்மாவுக்கு அதில் இன்னும் வருத்தம்தான். எனக்கு இல்லை.

எங்கள் ஊருக்கு மதுரைதான் தலைமை. கோர்ட்டு, ஆஸ்பத்திரி, ஜவுளி எல்லாவற்றுக்கும் வடக்கே பார்த்துத்தான் பஸ் ஏறுவோம். அதனால் நாயனத்திலும் மதுரைக் கட்சி இங்கே பலமாக உண்டு. சேதுராமன் - பொன்னுசாமி சகோதரர்கள் 1968இல் 'தில்லானா மோகனாம்பாள்' படத்துக்கு வாசித்த பிறகு கேட்கவே வேண்டாம். என் மாமா ஒருவர், "மாப்ள, ரெண்டு நாயனம் ஒரே மூச்சில போறதக் கேளு, அப்புறம் ஒத்தை ஆளப் பத்திப் பேசு" என்பார். சகோதரர்களின் இணைப்பு அபாரம், நான் மறுத்ததே இல்லை. ஆனால் கரிசல் மண் வடக்கே பார்க்காது. தெற்கே கோவில்பட்டிவரை ஒரே நிறமாகக் கிடக்கிறது. காருகுறிச்சி தாமிரபரணிக் கரை ஊர் என்றாலும் அருணாசலம் வாழ்ந்ததும் சிலையாக நிற்பதும் கோவில்பட்டியில். பக்கத்து இடைசெவல் எழுத்தாளர்கள் கி. ராஜநாராயணனும் கு. அழகிரிசாமியும் அவருக்கு நண்பர்கள். ராகத்தைத் தண்ணீராய் ஓடவிட்ட விளாத்திகுளம் சுவாமிகளும் அந்தச் சீமைதான். எங்கள் காது அந்தப் பக்கம் சாய்வதில் என்ன ஆச்சரியம்?

இப்போது எங்கள் பக்கத்து ஏழூர் முத்தாலம்மன் சப்பரத் திருவிழாவுக்குக்கூடச் செண்டை மேளத்தைக் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். கல்யாண மண்டபங்களில் நாயனக்காரரைக் கெட்டிமேளத்துக்குத்தான் தேடுகிறார்கள். மற்ற நேரமெல்லாம் சினிமாப் பாட்டு கேட்டுச் சீட்டு வருகிறது. ஒத்து ஊத ஆள் கிடையாது, சுருதிப் பெட்டி வந்துவிட்டது. நாயனத்தின் வாயிலேயே மைக்கைச் செருகிவிடுகிறார்கள். அந்த மைக்கில் எல்லாச் சுரமும் ஒரே உரப்பு. தணித்துக் காட்ட ஒரு பிள்ளை ஆசைப்பட்டாலும், ஆம்ப்ளிபயர் முன்னால் இருக்கிறவன் குமிழை ஏற்றிவிடுவான். அவன் கையை எடு என்று சொல்ல அங்கே யார் இருக்கிறார்கள்?

செல்போனில் கேட்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இரைச்சல் நீக்கிச் சுத்தம் செய்த பதிவுகள் நிறையச் சுற்றுகின்றன. வாங்காதீர்கள், இறக்காதீர்கள். இரைச்சலைக் கழுவுகிறவர்கள் கார்வையின் அடங்கின வாலையும் இரைச்சல் என்று நினைத்துச் சேர்த்துக் கழுவிவிடுகிறார்கள். முள் உரசுகிற சத்தத்தோடு இருக்கிற பழைய தட்டுப் பதிவாகத் தேடிப் பிடியுங்கள். கேட்டுவிட்டு, அப்புறமும் மதுரைதான் உசத்தி என்று தோன்றினால் வாருங்கள், பேசலாம். மாமா இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.