விரலின் விரைவும் இசையின் உயிரும்

விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மைகள் செய்து விற்கும் நண்பர் ஒருவரின் இல்லத்தில் அண்மையில் ஓர் இரவு தங்க நேர்ந்தது. அவருடைய மகன் கல்லூரி மாணவர். கீபோர்டு வாசிப்பதில் பெரும் பற்றுடையவர். உணவு முடிந்தபின் அவர் இரண்டு ஒலிப்பதிவுகளை நமக்குப் போட்டுக் காட்டினார். இரண்டும் அமெரிக்க ஜாஸ் இசையில் பியானோ வாசித்துப் பெயர் பெற்ற கறுப்பின மேதைகளுடையவை. ஒன்று, ஆர்ட் டேட்டம் 1933இல் வாசித்த 'டைகர் ராக்'. மற்றொன்று, அஹ்மத் ஜமால் 1958இல் வாசித்த 'பாயின்சியானா'. கேட்டு முடித்ததும், "மாமா, முதல் ஆளுக்கு இருபது விரல். இரண்டாமவருக்கு வாசிக்கவே சோம்பல்!" என்றார் தம்பி. நண்பரும் தலையசைத்தார்.

அந்தத் தீர்ப்பை நம்மால் ஏற்க இயலவில்லை. எனினும் தம்பியைக் குறை சொல்வதற்கும் இல்லை. மேடையில் மின்னல் வேகத்தில் ஸ்வரம் பொழிந்தால் கைதட்டுகிறோம். ஒரே ஸ்வரத்தில் ஒருவர் நின்றால் கடிகாரத்தைப் பார்க்கிறோம். நாமும் இளமையில் அப்படித்தான் இருந்தோம்.

முதலில் டேட்டத்திற்கு நியாயம் செய்ய வேண்டும். 1909இல் பிறந்து 1956இல் மறைந்த அவர் ஏறக்குறையப் பார்வையற்றவர். அவருடைய விரைவு வெறும் வித்தையன்று. வலக்கை அருவியாய்க் கொட்டும்போதே, பழகிய மெட்டின் அடியில் எவரும் எதிர்பாராத ஸ்வரக் கூட்டுகளை இடக்கை கொண்டுவந்து சேர்க்கும். விரைவைத் தள்ளிவிட்டு அந்தக் கூட்டுகளை மட்டும் கேட்டாலும் அவர் மேதையே. ஆனால் அவரைப் பின்பற்றியோர் பலர் அருவியை எடுத்துக்கொண்டார்கள். அடியில் இருந்ததை விட்டுவிட்டார்கள். இன்று கீபோர்டு பயிலும் பிள்ளைகளிடமும் இந்தக் குறையையே காண்கிறோம்.

அஹ்மத் ஜமால் 1930இல் பிட்ஸ்பர்க் நகரில் பிறந்தவர். மூன்று வயதிலேயே பியானோவைத் தொட்டவர். இருபது வயதையொட்டி இஸ்லாத்தைத் தழுவி, அஹ்மத் ஜமால் என்னும் பெயரை ஏற்றார். சிகாகோவில் 'அல்ஹம்ரா' என்ற பெயரில் மது விற்காத இசை விடுதியொன்றையும் நடத்திப் பார்த்தார். அது நெடுநாள் நிலைக்கவில்லை. 2023இல் காலமானார். மார்க்கத்தால் நம்மவர் என்பதற்காக அவருடைய இசையைத் தூக்கிப் பிடிப்பது திறனாய்வாகாது. இசையைக் கொண்டே சொல்லுவோம்.

பியானோவுக்கு ஒரு பெருங்குறை உண்டு. கட்டையை அழுத்தியதும் சுத்தியல் கம்பியைத் தட்டிவிட்டுத் திரும்பிவிடும். அதன்பின் அந்த ஸ்வரத்தை வளைக்கவோ, அசைக்கவோ, பெருக்கவோ வாசிப்பவரால் முடியாது. அது தேய்ந்து மறைவதைக் கேட்டுக்கொண்டிருக்கலாம், அல்லது கையை எடுத்து அதை நிறுத்தலாம். நாகசுரத்தின் நிலை வேறு. துளையைப் பாதி மூடியும், சீவாளியில் உதட்டின் அழுத்தத்தை மாற்றியும், மூச்சைக் கூட்டிக் குறைத்தும் ஒரே ஸ்வரத்தை அழ வைக்கலாம், சிரிக்க வைக்கலாம். ஆந்திரத்தின் கரவதியில் 1924இல் பிறந்த ஷேக் சின்ன மௌலானா சாகிப், அங்கே வித்தை கற்றுத் தேர்ந்த பின்னும், தஞ்சைப் பாணியை நாடி நாச்சியார்கோயில் இராஜம், துரைக்கண்ணு சகோதரர்களிடம் மீண்டும் மாணவராய் அமர்ந்தார். திருவரங்கத்தைத் தம் ஊராக்கிக்கொண்ட அவருக்கு 1998இல் 'சங்கீத கலாநிதி' பட்டம் கிட்டியது. அவருடைய ராக ஆலாபனையில் ஒரு ஸ்வரம் நீண்டு நிற்கும்போது, அதனுள் எத்தனை அசைவு!

அத்தகைய கமகத்திற்கு வழியில்லாத பியானோக்காரர் உணர்ச்சியை எங்கே வைப்பார்? எதை எப்போது தொடுவது, எவ்வளவு மென்மையாகத் தொடுவது, எங்கே தொடாமல் விடுவது என்பவற்றில்தான். ஜமாலின் கலை முழுவதும் இங்கே இருக்கிறது. 'பாயின்சியானா' சுமார் எட்டு நிமிடம் ஓடுகிறது. வெர்னல் ஃபோர்னியே மத்தளத்தில் ஒரே அசைவைத் தளராமல் பிடித்திருக்க, இஸ்ரேல் கிராஸ்பி பெரிய தந்திவாத்தியத்தில் அடித்தளம் இடுகிறார். ஜமால் நாலைந்து ஸ்வரங்களைத் தூவிவிட்டுக் கையை எடுத்துவிடுகிறார். அடுத்தது இங்கே வரும் என்று நம் செவி நீட்டிய இடத்தில் வெறுமை. அந்த வெறுமையில் மத்தளம் மேலெழுகிறது. பிறகு, நாம் மறந்த நேரத்தில் இரு கைகளும் முழு வலுவோடு இறங்குகின்றன. மைல்ஸ் டேவிஸ் இந்த இடைவெளியைத்தான் வியந்தார். தம் குழுவின் பியானோக்காரர் ரெட் கார்லண்டை ஜமாலைப் போல வாசிக்கச் சொன்னார். சில திறனாய்வாளரோ, இது விருந்து மண்டபங்களில் பேச்சுக்கிடையே ஒலிக்கும் இசை என்று ஒதுக்கினார்கள். அவ்விசைத்தட்டு நூறு வாரங்களுக்கு மேல் விற்பனைப் பட்டியலில் நின்றது. அது மட்டும் தரத்திற்குச் சான்றாகாது என்பதும் உண்மையே.

தம்பி சொன்ன சோம்பலுக்கு வருவோம். ஜமால் சிறுவயதிலேயே லிஸ்டின் கடினமான பயிற்சிப் பாடங்களை வாசித்தவர். டேட்டத்தைத் தம் முன்னோடிகளில் ஒருவராகப் போற்றியவர். விரைவு அவர் கையில் இருந்தது. வேண்டிய இடத்தில் மட்டுமே செலவிட்டார். கையில் ஒன்றும் இல்லாதவர் நிறுத்தி நிறுத்தி வாசித்தால் அது இடைவெளி ஆகாது, தடுமாற்றமே ஆகும். ஆதலால், "உணர்ச்சி போதும், பயிற்சி எதற்கு?" என்று கேட்போருக்கு ஜமால் துணை நிற்கமாட்டார்.

மறுநாள் காலை நண்பரின் பட்டறையைப் பார்த்தோம். களிமண் குழம்பை அச்சில் வார்ப்பது எளிதில் கைவருகிற வேலைதான். அச்சிலிருந்து எடுத்த பொம்மையின் ஓரத்துப் பிசிறை நீக்கிக் கண்ணும் இதழும் எழுதும் அம்மையார் ஒரு கோடு இழுப்பதற்கு முன் சற்றே நிற்கிறார். "அவர் கை வேகமானதுதான், ஆனால் முகம் எழுதும்போது அவசரப்படுத்த மாட்டேன்" என்றார் நண்பர். முந்தின இரவு மகனுக்குத் தலையசைத்தவரும் இவரேதான்!

ஜமாலிடமும் குறை இல்லாமல் இல்லை. திடுக்கிட வைப்பதில் அவருக்கிருந்த ஆசை சில பதிவுகளில் பழக்கமாகிவிடுகிறது. அப்போது மௌனமும் ஒரு வித்தை காட்டலே. 'பாயின்சியானா'விலும் இறுதிப் பகுதி சற்று நீளமென்றே நமக்குத் தோன்றுகிறது. ஜமீல் நாசர், ஃபிராங்க் காண்ட் இருவரோடும் 1970இல் பதிவான 'தி அவேக்கனிங்' இன்னும் செறிவானது. விரைவும் நிதானமும் அங்கே ஒரே மூச்சில் வருகின்றன. தம்பிக்கு அதன் பெயரை ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டுப் பேருந்து ஏறினோம்.