மண்ணில் ஓடும் சின்ன வண்டி

1956-இல் கலிபோர்னியாவில் ஆர்ட் இங்கெல்ஸ், புல்வெட்டும் இயந்திரத்தின் என்ஜினை இரும்புக் குழாய்ச் சட்டத்தில் பொருத்தி முதல் கோ-கார்ட்டைச் செய்தார். அந்த எளிமை, குழந்தைகள் மண்பாதையில் ஓட்டும் கார்ட்டில் இன்றும் இருக்கிறது. பாதிப் பழுதைக் கண்ணாலேயே கண்டுபிடித்துவிடலாம்.

மாதக்கணக்கில் நின்ற வண்டி கிளம்ப மறுத்தால் முதல் சந்தேகம் கார்புரேட்டர்மேல்தான். பழைய பெட்ரோல் பிசினாகி ஜெட்டின் ஊசித்துளையை அடைத்திருக்கும். கம்பியை விட்டுக் குடையக் கூடாது, துளை பெரிதாகிவிடும். கிளீனரில் ஊறவைத்துக் காற்றடிக்க வேண்டும். ஜெட்டைத் தூக்கிப் பிடிக்கும்போது துளைவழியே ஒரு பொட்டு வெளிச்சம் தெரியுமே, அதைவிட அழகான காட்சி பட்டறையில் இல்லை.

அடுத்தது ஸ்ப்ராக்கெட், அதாவது சங்கிலி ஓடும் பல்சக்கரம். கிளட்ச் பக்கம் 10 பல், பின்அச்சில் 60 பல் என்றால் கிளட்ச் டிரம் ஆறு சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று. பின்பல்லை 72 ஆக்கினால் உச்ச வேகம் குறையும்; மேட்டில் இழுவை கூடும், கிளட்ச் வழுக்கிச் சூடாவதும் குறையும். மண்ணில் ஓட்டும் பிள்ளைக்கு இதைவிட நல்ல மேம்பாடு எனக்குத் தெரியவில்லை.

வேகத்துக்காக, என்ஜின் சுற்றைக் கட்டுப்படுத்தும் கவர்னரை மட்டும் கழற்றாதீர்கள். இந்தச் சிறிய என்ஜின்கள் பெரும்பாலும் நிமிடத்துக்குச் சுமார் 3600 சுற்றுக்கென அமைக்கப்பட்டவை. மீறினால் கனெக்டிங் ராட் உடையலாம், ஃப்ளைவீல் சிதறலாம். அதற்கு அருகில் உட்கார்ந்திருப்பது உங்கள் குழந்தை.