சிந்தாமணியும் கணினித் திரையும்

சென்ற ஆண்டு மழைக்காலத்தில் வந்தவாசிப் பக்கத்து எங்கள் ஊரிலிருந்து அண்ணன் போன் செய்தார். படுக்கையில் இருந்தார். "தம்பி, சீவகன் தோட்டத்திலே குரங்கைப் பார்த்து மனசு திரும்புற இடம் இருக்கே, அதைக் கொஞ்சம் வாசிடா" என்றார். அச்சுப் புத்தகம் ஊரிலே. மும்பையில் என்னிடம் இருந்தது பேரன் இறக்கித் தந்த மின்நூல். ஆயிரம் பக்கத்துக்கு மேல். உருட்டினேன், உருட்டினேன். அரைமணி கழித்து இடம் அகப்பட்டபோது அண்ணி, "அவர் தூங்கிட்டாருங்க" என்றார்கள்.

அந்த அரைமணி எங்கே போயிற்று என்று பார்த்ததே இக்கட்டுரை.

சீவக சிந்தாமணி 13 இலம்பகம், 3145 பாட்டு. நான் தேடிய காட்சி முத்தி இலம்பகத்தில் வருகிறது; அது மட்டுமே 500 பாட்டுக்கு மேல். 1887இல் உ.வே.சாமிநாதையர் இதை நச்சினார்க்கினியர் உரையோடு பதிப்பித்தார். (கும்பகோணத்துச் சமணர்களிடம் அவர் ஐயம் கேட்டுத் தெளிந்தது எங்கள் வீடுகளில் இன்றும் பெருமையாகப் பேசப்படும்.) நல்ல அச்சுப் பதிப்பில் பாட்டெண் இருக்கும், பக்கத் தலையில் இலம்பகப் பெயர் இருக்கும், கடைசியில் பாட்டு முதற்குறிப்பு அகராதி இருக்கும். என் மின்நூல் அப்படிப்பட்ட ஒரு பதிப்பின் படம்தான். அகராதியும் இருந்தது. ஆனால் அது சொன்ன பக்கத்துக்குப் போனால் வேறு பாட்டு நிற்கிறது! முகவுரைப் பக்கங்களையும் சேர்த்துத் திரை எண்ணுகிறது. இரண்டு எண்ணையும் பொருத்திவைக்க வழி உண்டு, யாரும் செய்வதில்லை.

"தேடினா வந்துடுமே தாத்தா" என்றான் பேரன். படத்தில் எழுத்து ஏது, தேட? எழுத்தாக ஏற்றிய நூலிலும் 'குரங்கு' என்று நான் தேட, புலவர் அங்கே 'மந்தி' என்கிறார். 'பொன்' என்று தேடினால் 'பொற்குடம்' சிக்காது. 'மரம்' என்றால் 'மரத்தை' சிக்காது. புணர்ச்சி உள்ள மொழியில் தேடலை நம்பி அட்டவணையைக் கைவிடுவது பெரும்பிழை என்பேன். 1998 முதல் மதுரைத் திட்டத்தார் பாட்டெண்ணோடு நூல்களை எழுத்தாக ஏற்றி இலவசமாகத் தருகிறார்கள். பாதி வேலை அதிலேயே முடிந்தது.

மீதிப் பாதி எங்கள் கடைக் கணக்கில் இருக்கிறது. குறிப்பேட்டில் ஒரு பதிவு எழுதினால் பக்கத்திலேயே பேரேட்டுப் பக்க எண் போடுவோம். பேரேட்டில் குறிப்பேட்டுப் பக்க எண். போகவும் வழி, திரும்பவும் வழி. மின்நூலில் அட்டவணையைத் தொட்டால் பாட்டுக்குப் போகவேண்டும், பாட்டிலிருந்து அட்டவணைக்குத் திரும்பவேண்டும். சிந்தாமணிக்கு இது அவசியம். ஒரு பாட்டில் தொடங்கிய வாக்கியம் பல பாட்டு தள்ளி முடிகிற குளகங்கள் அதில் உண்டு.

நம் சங்கத்து இளைஞர்கள் வேர்டில் தலைப்பைத் தடித்த எழுத்தாக்கி விட்டுவிடுகிறார்கள். அது கண்ணுக்குத் தலைப்பு, கணினிக்கு அல்ல. 'ஹெடிங்' என்ற வடிவத்தைக் கொடுத்தால்தான் அட்டவணை தானே உருவாகும். பிடிஎஃப் ஆகச் சேமிக்கும்போது அத்தலைப்புகளை ஓரத்தில் பட்டியலாக நிறுத்தலாம். அச்சிடும் வழியாகப் பிடிஎஃப் எடுத்தால் பெரும்பாலும் எல்லாம் உதிர்ந்துபோகும்.

என் பிரதிக்குப் பேரன் உதவியோடு 13 குறி போட்டேன். ஒரு மாலைப்பொழுது வேலை. பதினான்காவது குறி அந்த மந்திப் பாட்டுக்கு. மறுவாரம் நானே போன் செய்து வாசித்தேன். அண்ணன் முழுதும் கேட்டுவிட்டு, "இன்னொரு தரம் வாசி" என்றார்.